கப்பல் போனது... கப்பலோட்டியவர் நின்றார்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், நெல்லியாளம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, லேத் மெஷினைப் பற்றி எழுதட்டுமா என்றேன். அது ரெக்கார்டு நோட்டிலேயே வேண்டிய அளவு இருக்கிறது, வேறு ஏதாவது எழுதுடா என்று சிரித்துவிட்டார்கள். வேறு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். போன வருடம் நான் படிப்பை விட்டுவிடப் பார்த்தேன். விடாமல் என்னைத் திரும்பவும் இந்தக் கல்லூரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர், 1936-ம் ஆண்டிலேயே இறந்துபோன ஒரு மனிதர். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பெயரைச் சொன்னால், அட, இவரை எங்களுக்குத் தெரியாதா என்பீர்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை! கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல். சின்ன வகுப்புப் பாடத்தில் படித்தாயிற்று, சிவாஜி நடித்த படத்தையும் டி.வி.யில் பார்த்தாயிற்று. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நாம் படித்த பாடமெல்லாம் 1912-ல் சிறைக்கதவு திறந்ததோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த மனிதர் கிட்டத்தட்ட இருபத்து நான்கு வருடம் உயிரோடு இருந்தார். கையில் காசில்லாமல், தொழில் இல்லாமல், ஊர் மறந்த நிலையில் அந்த வருடங்களை அவர் எப்படிக் கழித்தார்? நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் ஊர்ச் சேதி

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா சிலோன்காரர். 1964-ல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். நெல்லியாளம், பந்தலூர், தேவாலா பக்கம் நம் மாணவர்கள் பலருடைய வீட்டிலும் இதே கதைதான் இருக்கும்.

இந்த மண்ணே ஏறி இறங்கிய மண்தான். 1880 வாக்கில் பந்தலூர், தேவாலா பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். மெஷின்கள் வந்து இறங்கின. துரைமார் பங்களா கட்டினார்கள். சில வருடத்திலேயே, எதிர்பார்த்த தங்கம் இல்லை என்று தெரிந்ததும் எல்லாம் படுத்துவிட்டது. துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். சுரங்கக் குழிகள் மட்டும் காட்டுக்குள் இன்னும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. தேயிலைதான் இந்த மண்ணுக்குச் சோறு போட்டது. அந்தத் தேயிலைக்கும் விலை விழும்போது நம் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. அப்பாவுக்கு பேக்டரியில் வேலை. இலை வரத்து குறைந்து அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது எனக்குத் தெரியக்கூடாது என்று, அம்மா காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டிருந்தார். மழைக்காலம் என்பதால் குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன். உண்மை தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹாஸ்டல் பாக்கி, எக்ஸாம் ஃபீஸ் எல்லாம் தலைக்கு மேல் நின்றது. என் ரூம்மேட் ஒருவன் விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்து, ஃபீஸை நான் கட்டுகிறேன், அப்புறம் கொடு என்றான். எனக்கு வந்ததே கோபம்! உன் காசு எனக்கு எதுக்குடா என்று எரிந்து விழுந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். கூடலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒன்பது நாள் வேலை பார்த்தேன். டிப்ளமோ முடித்தவர்களுக்கே வேலை இல்லை, முடிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

அந்த வாரத்தில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நூலகத்தில் நுழைந்தேன். கையில் அகப்பட்டது ஒரு மெலிந்த புத்தகம். பெயர் மனம்போல வாழ்வு. எழுதியவர் ஜேம்ஸ் ஆலன் என்கிற வெள்ளைக்காரர். தமிழில் தந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. எனக்கு ஒரே ஆச்சரியம்! கப்பலோட்டியவருக்கு இந்த வேலை எதற்கு?

உள்ளே புரட்டினால், மனம் எப்படியோ வாழ்வும் அப்படியே என்பதுதான் புத்தகத்தின் சாரம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புதான் வந்தது. நல்லதை நினைத்தால் நல்லது நடக்குமாம்! எங்கள் அம்மா கெட்டதா நினைத்தார், தோடு போனதற்கு? சரி, எங்களை விடுங்கள். இதைத் தமிழில் எழுதினாரே, அவர் மனசு நல்ல மனசுதானே? அவர் கப்பல் ஏன் போயிற்று? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன். இனி அவர் கதை.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பனார் உலகநாத பிள்ளை, தாயார் பரமாயி அம்மாள். வக்கீல் பரீட்சை எழுதி 1890-களில் ஒட்டப்பிடாரத்திலும், பிறகு தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். வசதிக்குக் குறைவில்லை. ஏழைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடிய வழக்குகளும் உண்டு.

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வைத்ததுதான் சட்டம். அதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார் வ.உ.சி. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்குகள் 40,000. ஒரு பங்கு 25 ரூபாய். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் ஒருவரே 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். வியாபாரிகளும் சாதாரண ஜனங்களும் தங்களால் முடிந்ததைப் போட்டார்கள்.

முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் ஆகாது, சொந்தக் கப்பல் வேண்டும் என்று பம்பாய்க்குப் போனார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஊரே திருவிழாக் கோலம் பூண்டது!

போட்டி ஆரம்பித்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கிவிட்டார்கள். பெரிய முதலாளி நஷ்டத்தைத் தாங்குவான். 25 ரூபாய்ப் பங்குக்காரர் எத்தனை நாள் தாங்குவார்? எங்கள் தாத்தாவுக்கு முந்திய தலைமுறை எந்தக் கப்பலில் சிலோனுக்குப் போனதோ தெரியாது. ஆனால் இந்தக் கதையைத் தாத்தாவிடம் சொன்னபோது, அந்தக் குடையை மட்டும் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்றார். சும்மா சொன்னாரோ என்னவோ, எனக்குப் பெருமையாக இருந்தது.

வீழ்ச்சி

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. நம் நாட்டுத் தொழிலாளர் போராட்டங்களில் முந்தியவற்றுள் இது ஒன்று. மில்லிலோ தோட்டத்திலோ கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் இதை மறக்கக்கூடாது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? மார்ச் 12-ம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை மாதம் தீர்ப்பு வந்தது. இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருடம்! அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. கடைசி வரைக்கும் தெளியவில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை ஆறு வருடமாகக் குறைந்தது. முதலில் கோயம்புத்தூர் சிறை, பிறகு கண்ணனூர் சிறை. கோயம்புத்தூரில்தான் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. சென்னைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனால் அதையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். நாமெல்லாம் டார்க் கணக்குப் போடுகிறவர்கள். அந்த மரத்தை ஒரு மனிதன் தோள் கொடுத்துச் சுற்றுவது எப்படிப்பட்டது என்று நமக்குத்தான் நன்றாகப் புரியும்.

அவர் உள்ளே இருந்தபோது வெளியே கம்பெனி நொடித்தது. தலைவர்கள் சிறையில். பங்குதாரர்களுக்குப் பயம். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்களும் கைவிட்டுப் போயின.

இங்கேதான் எனக்கு நம் ஊர்த் தங்கச் சுரங்கம் ஞாபகம் வந்தது. கம்பெனி படுத்ததும் துரைமார் வேறு ஊருக்குக் கப்பலேறிப் போனார்கள். இவர் எங்கே போவார்? கப்பலே போய்விட்டதே!

சிறைக்குள் ஒரு பேனா

இப்போது என் கையில் கிடைத்த புத்தகத்துக்கு வருகிறேன். மனம்போல வாழ்வு அவர் சிறையில் இருந்தபோது மொழிபெயர்த்த நூல். இது தெரிந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது, நண்பர்களே. ஏ.சி. ரூமில் உட்கார்ந்துகொண்டு மனதைத் தளரவிடாதே என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இவர் செக்கும் சிறையும் பார்த்த கையோடு எழுதுகிறார்!

மூல நூலை எழுதிய ஜேம்ஸ் ஆலனும் பஞ்சம் தெரியாதவர் இல்லை. 1864-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தொழில் நசிந்து, அவர் தகப்பனார் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போன இடத்தில் கொலையுண்டு இறந்தார். பதினைந்து வயதில் ஆலன் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். ஆக, வேலையின்மை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் எழுதியதை, சிறை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் தமிழாக்கியிருக்கிறார்.

அதே ஆசிரியரின் இன்னொரு நூலையும் வ.உ.சி. விடுதலைக்குப் பிறகு தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலத் தலைப்புக்கு வறுமையிலிருந்து வல்லமைக்கு என்று பொருள். இவர் வைத்த தமிழ்ப் பெயர் வலிமைக்கு மார்க்கம். தலைப்பை நன்றாகப் பாருங்கள். பணத்துக்கு மார்க்கம் என்று இல்லை. வலிமைக்கு மார்க்கம் என்றுதான் இருக்கிறது. என் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைத்தது. மனசு நன்றாக இருந்தால் பணம் வந்து கொட்டும் என்று அவர் நம்பி எழுதியிருந்தால், அவருடைய வாழ்க்கையே அதைப் பொய் என்று சொல்லியிருக்கும். பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஒடியாமல் நிற்கிற பலத்தைத்தான் அவர் தேடினார் என்று நினைக்கிறேன்.

மளிகைக் கடை வைத்த மாவீரர்

1912 டிசம்பர் 24-ம் தேதி கண்ணனூர் சிறையிலிருந்து வெளியே வந்தார். 1908-ல் ஒரு நகரமே இவருக்காகத் தெருவில் இறங்கியது. இப்போது வரவேற்கக் கூட்டம் இல்லை. உடன் போராடிய சுப்பிரமணிய சிவா தொழுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. கம்பெனி இல்லை. சொத்து இல்லை. மனைவி மீனாட்சி அம்மாள், குழந்தைகள், மனநிலை சரியில்லாத தம்பி எல்லோரையும் காப்பாற்ற வேண்டும்.

சென்னையில் குடியேறினார். வக்கீலாக இருந்தவர், இரண்டு கப்பலுக்குச் சொந்தக்காரர்களின் தலைவராக இருந்தவர், மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெய் விற்றார். எண்ணிப் பாருங்கள். நாம் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கடையில் நிற்பதென்றால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று தலையைக் குனிகிறோம். அவர் குனியவில்லை. வியாபாரம் செழித்ததா என்றால் இல்லை. கணக்கில் கறாராக இருக்கத் தெரியாதவர். கேட்டவர்களுக்குக் கொடுத்தே பழகிய கை.

ஆனால் இந்த வருடங்களில் இன்னொரு கணக்கைப் பாருங்கள்: 1914-ல் மெய்யறம். 1915-ல் மெய்யறிவு. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பின்னாளில் 1928-ல் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பித்தார். 1935-ல் திருக்குறளுக்குத் தாமே எழுதிய உரை வந்தது. பகலில் அரிசிக் கணக்கு, இரவில் ஓலைச்சுவடியும் உரையும்! இதில் அவருக்கு வந்த வருமானம் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு ஏன் செய்தார்? யாரும் கொடுக்கவும் முடியாத, பறிக்கவும் முடியாத ஒரு வேலை தமக்கென்று வேண்டும் என்று இருந்திருப்பார். கப்பலைப் பறித்தார்கள், சன்னதைப் பறித்தார்கள். படிப்பை யார் பறிப்பது?

அதோடு நிற்கவில்லை. சென்னையில் தொழிலாளர் சங்கம் கட்டுகிறவர்களோடு சேர்ந்து உழைத்தார். தன் வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ, அடுத்தவன் கூலிக்காகப் பேசுவதை விடவில்லை.

347 ரூபாய் 12 அணா

இப்போது சொல்லப்போவதுதான் என் வாழ்க்கையைத் தொட்ட இடம். கவனமாகக் கேளுங்கள்.

வ.உ.சி.யின் கஷ்டத்தைக் கேள்விப்பட்டு, தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். கூலிகளாகப் போன நம் ஜனங்கள் பலர் இருந்த நாடு அது. 1915-ல் காந்தி இந்தியா திரும்பினார். அந்தப் பணத்தைப் பற்றி இருவருக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. பணம் வந்திருக்கிறதா, எவ்வளவு, யார் கொடுத்தது என்று விவரம் தெரியவே மாதக்கணக்கில் ஆனது. கடைசியில் 1916 தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா.

இதில் தொகை பெரிதல்ல. அவர் கேட்ட விதம்தான் பெரிது. கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. எனக்கென்று அன்பர்கள் கொடுத்த பணம், என் இப்போதைய நிலையில் அது வேண்டாம் என்று மறுத்தால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தவறு செய்தவன் ஆவேன் என்ற கருத்தை நேராக எழுதினார். திரும்பத் திரும்ப மரியாதையோடு நினைவூட்டினார். ஆங்கில ஏகாதிபத்தியத்தின் முன்னால் தலை குனியாத மனிதர், அன்போடு நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ள வெட்கப்படவில்லை!

நண்பர்களே, இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். என் ரூம்மேட்டின் முகம் கண் முன்னால் வந்தது. சுயமரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் வீம்பு என்று புரிந்தது. வ.உ.சி.க்கு இல்லாத மானமா எனக்கு? அடுத்த நாள் காலை முதல் பஸ் பிடித்தேன். ரூமுக்குப் போய், ஃபீஸ் கட்டுகிறேன் என்றாயே, கட்டுடா, மாசா மாசம் திருப்பித் தருகிறேன் என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. முதுகில் ஒரு அடி போட்டுவிட்டு ஆபீசுக்குக் கூட்டிப் போனான். அங்கே விசாரித்த பிறகுதான் தெரிந்தது, எனக்குக் கிடைக்கக்கூடிய ஸ்காலர்ஷிப் ஒன்றுக்கு நான் விண்ணப்பமே போடவில்லை என்று! கேட்க வெட்கப்பட்டதால் வந்த நஷ்டம் அது. அதையும் எழுதிப் போட்டேன்.

எதிராளியின் பெயரில் ஒரு பிள்ளை

வ.உ.சி. பிறகு சில வருடம் கோயம்புத்தூரில் இருந்தார். எந்த ஊரில் செக்கிழுத்தாரோ அதே ஊர்! அங்கே பிழைப்புக்கு வேலை பார்த்தார். இந்தச் சமயத்தில்தான் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. கிடைக்கக் காரணமாக இருந்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. 1908-ல் இவர் வழக்கில் ஆரம்ப விசாரணை நடத்தியவரும் இதே வாலஸ்தான்! வ.உ.சி. அந்த நன்றியை மறக்கவில்லை. தம் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்தவர்தான், ஆனால் நன்மை செய்த ஒரு வெள்ளைக்காரரை வெறுக்கவில்லை. இத்தனை அடி வாங்கியும் மனசு கசக்காமல் இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கோவில்பட்டியில் வக்கீல் தொழிலை மீண்டும் தொடங்கினார். 1932-ல் தூத்துக்குடிக்கே வந்துவிட்டார். பழைய செல்வம் திரும்பி வரவில்லை. 1934-ல் ஜேம்ஸ் ஆலனின் இன்னொரு நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். பெயர் சாந்திக்கு மார்க்கம். முதலில் வலிமை, கடைசியில் சாந்தி. அவருடைய வாழ்க்கையின் இரண்டு தலைப்புகளும் இவைதானோ என்று எனக்குத் தோன்றும்.

கடைசிக் காலத்தில் எழுதிய உயிலில், தாம் எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்று குறித்து வைத்தார். எண்ணெய்க் கடை, மளிகைக் கடை, ஜவுளிக் கடை... ஏமாற்றி விட்டுப் போனார் என்று ஒரு கடைக்காரரும் சொல்லிவிடக்கூடாதல்லவா! 1936 நவம்பர் 18-ம் தேதி, தாம் விரும்பியபடியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் வைத்து உயிர் நீத்தார். வயது 64. சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. அவர் கப்பல் விட்ட அதே தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயர் வைக்கப்பட்டது.

எனக்குக் கிடைத்த பதில்

ஆக, மனசு நல்லதாக இருந்தும் கப்பல் ஏன் போயிற்று என்ற கேள்விக்கு என்ன பதில்? கப்பல் போனதற்குக் காரணம் அவருடைய மனசு இல்லை. அரசாங்கமும், பணபலமும், சிறையும்தான் காரணம். அதேபோல் எங்கள் அம்மாவின் தோடு போனதற்கும் அம்மாவின் நினைப்பு காரணம் இல்லை. இலைக்கு விலை இல்லாததுதான் காரணம். கஷ்டப்படுகிறவனைப் பார்த்து, நீ சரியாக நினைக்கவில்லை, அதனால்தான் கஷ்டப்படுகிறாய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வ.உ.சி. கூலிக்காகப் போராடியவர். கஷ்டத்துக்கு வெளியே காரணம் உண்டு, அதை எதிர்த்துப் பேச வேண்டும் என்று தெரிந்தவர்.

ஆனால் கப்பல் போன பிறகு, மனிதனும் கூடவே மூழ்குவதா, கரையில் நின்று அடுத்த வேலையைப் பார்ப்பதா? அந்தக் கேள்விக்கு மட்டும் மனசுதான் பதில் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பதில் நான்கு: கிடைத்த வேலையை வெட்கப்படாமல் செய்தார். யாராலும் பறிக்க முடியாத படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டார். அன்போடு வந்த உதவியை வாங்கிக்கொண்டார், வாங்கிய கடனை மறைக்கவில்லை. தம் கஷ்டத்துக்கு நடுவிலும் அடுத்தவருக்காக நின்றார். இந்த நான்கும் இருந்ததால்தான் அவர் ஏழையாக இருந்தாரே தவிர, தோற்றவராக இல்லை.

என் நிலைமை இப்போது ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. அப்பாவுக்கு இன்னும் முழு வாரம் வேலை வரவில்லை. கேம்பஸ் இண்டர்வியூவில் இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பினேன். ஆனால் விட்டுவிட்ட பேப்பரை எழுதி பாஸ் பண்ணிவிட்டேன். லீவு நாட்களில் கூடலூர்ப் பட்டறைக்குப் போகிறேன். இப்போது ஒளிந்துகொண்டு போகவில்லை, வெல்டிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போகிறேன். ரூம்மேட்டின் கடனில் இன்னும் இரண்டு மாசத் தவணைதான் பாக்கி. பாக்கெட் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வ.உ.சி. மாதிரி!

அம்மாவின் தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது. முதல் சம்பளத்தில் மீட்டுத் தருகிறேன் என்றேன். நீ முதலில் பரீட்சையை மீட்டு வா என்றார் அம்மா.

இதைப் படிக்கும் நண்பா! உன் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்க நினைத்துக்கொண்டிருக்கலாம். போகும் முன் ஒரு நிமிடம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனிடம் சொல்லிப் பார். ஆபீசில் ஒரு முறை கேட்டுப் பார். கேட்பதால் நீ குறைந்துபோக மாட்டாய்.

நம்முடைய கப்பலும் ஒருநாள் கிளம்பும். கிளம்பும் வரை கரையில் நிற்போம், கையில் வேலையோடு!

வாழ்க வ.உ.சி. நாமம்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!